பிழை காண் படலம்: ஆங்கில வாக்கியங்களில் எழுவகை வழு — ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் ஆய்வேடு எழுதுபவர் எந்தப் பொருளை எடுத்தாலும் தொல்காப்பியத்தில் தொடங்குவது மரபு. ‘ஆங்கில வாக்கியத்தில் பிழை காண்பதற்கும் தொல்காப்பியத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று கேட்போர் உளர். அவர்கள் சொல்லதிகாரத்தைப் புரட்டிப் பாராதவர்கள். சொன்னது சரியா, பிழையா, பிழைதான் என்றாலும் போகட்டும் என்று விடத்தக்கதா என மூன்றாகப் பிரித்து, வழாநிலை, வழு, வழுவமைதி என்று பெயரும் வைத்திருப்பது நம் இலக்கண மரபு. நன்னூலார் ஒருபடி மேலே போய் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக எண்ணிவிட்டார். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்று ‘ஸ்பாட்டிங் எரர்ஸ்’ என்று அழைக்கும் கலைக்கு வேண்டிய பெட்டிகள் எல்லாம் இங்கே பெயர் ஒட்டித் தயாராக இருந்தன. ஆங்கிலம் கப்பலேறி வந்து சேரவேண்டியதுதான் பாக்கி.

அந்த ஏழு பெட்டிகளிலும் ஆங்கிலப் பிழைகளை இட்டு நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். இதனால் உலகுக்கு என்ன பயன் என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்படலாம். ஆய்வேடுகளிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் அது தலையாயது என்க.

ஆய்வு எல்லை

இவ்வாய்வு வாக்கியப் பிழைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. உணவகத்து விலைப்பட்டியல், லாரியின் பின்புறம், காதுகுத்து பேனர் ஆகியவற்றில் காணப்படும் எழுத்துப் பிழைகள் தனித்தனி முனைவர் பட்டங்களுக்கு உரியவை. எல்லாவற்றையும் ஒருவரே அள்ளிக்கொண்டு போவது பின்னால் வரும் ஆய்வாளர்களின் வயிற்றில் அடிப்பதாகும். உச்சரிப்பும் விலக்கப்பட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகளின் எண்ணிக்கை ‘போதுமானது’. நெறியாளர் வற்புறுத்தினால் ‘கணிசமானது’ என்று திருத்திக்கொள்ளப்படும்.

முன்னாய்வுகள்

பிழை காணும் துறையின் முன்னோடி நக்கீரர். திருவிளையாடற் புராணக் கதைப்படி, தருமி கொண்டுவந்த பாட்டில் அவர் பொருட்குற்றம் கண்டார். பாட்டை எழுதியவர் இறைவனே என்று தெரிந்த பிறகும் குறித்த விடையை அழித்து எழுதவில்லை. நெற்றிக்கண் திறந்தது, புலவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இதற்குமேல் ஒரு நெகட்டிவ் மார்க்கை எந்தத் தேர்வாணையமும் இன்றுவரை வழங்கியதில்லை. என்ன பிழை என்பது ஒருபுறம் இருக்க, யார் செய்த பிழை என்பதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவேண்டும் என்னும் கோட்பாட்டின் முதற்சான்று இதுவே.

இங்கிலாந்தில் இத்துறையை நிறுவியவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத். 1762-இல் அவர் வெளியிட்ட சிறிய இலக்கண நூலின் அடிக்குறிப்புகளில் பிழைக்கு எடுத்துக்காட்டுகள் மலிந்து கிடக்கின்றன. அவை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் பொறுக்கியவை அல்ல. ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், போப் என்று அம்மொழியின் பெருந்தலைகளை வரிசையாக நிற்கவைத்துக் காதைத் திருகியிருக்கிறார். வாக்கியத்தின் கடைசியில் ப்ரெபொசிஷனைத் தொங்கவிடுவது உயர்ந்த நடைக்கு அவ்வளவு அழகில்லை என்று சொல்லவந்தவர், அதைச் சொல்லும் வாசகத்தையே ஒரு ‘டு’வில் கொண்டுபோய் நிறுத்தினார். குறும்பா, கைப்பழக்கமா என்பது அவரவர் ஊகம்.

இந்திய மாணவர்களுக்கு வாய்த்த முன்னாய்வு, ரென் அண்ட் மார்ட்டின். பாடநூல் எழுதிய பி.சி. ரென்னும், பிரெஞ்சு அயலகப் படையைப் பற்றி 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிய பி.சி. ரென்னும் ஒருவரே. அந்த நாவலின் வீரர்கள் சஹாரா பாலைவனத்தில் தாகத்தோடும் தோட்டாவோடும் போராடுகிறார்கள். அவருடைய இன்னொரு புத்தகத்தில் இந்தியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நாவலில் எங்கோ ஓர் இடத்தில் தண்ணீர் கிடைக்கும்.

ஆய்வுக் களம்

பிழையானது இயற்கைச் சூழலில் நடமாடுவதைக் கண்டறிவது கடினம். ஆகவே அது வளர்க்கப்படும் இடமாகிய போட்டித் தேர்வே களமாகத் தேர்ந்துகொள்ளப்பட்டது. தேர்வுக்கான வாக்கியம் பிறக்கும்போதே மூன்று துண்டாக வெட்டுண்டு பிறக்கிறது. துண்டுகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். நான்காவதாக ஒரு டி உண்டு. அதில் துண்டு ஏதுமில்லை. ‘நோ எரர்’ என்றிருக்கும். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதற்கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 பறிபோகும். வங்கித் தேர்வுகளிலும் அதே கால் பங்கு வட்டிதான்.

இந்த டி-யின் உளவியல் தனியே ஆராயத்தக்கது. வாக்கியத்தில் பிழையே இல்லை என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், தேர்வர் அதைக் குறிக்கமாட்டார். ‘சும்மாவா கேட்டிருப்பான்? உள்ளே ஏதாவது வெச்சிருப்பான்’ என்று திரும்பத் திரும்பப் படிப்பார். ஐந்தாம் முறை படிக்கும்போது எந்த வாக்கியமும் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ என்று கொடுத்தால்கூட, ‘இன்’னா ‘ஃப்ரம்’மா என்று வியர்க்கும். குற்றமற்ற ஒன்றைக் குற்றமற்றது என்று சொல்ல இவ்வளவு துணிச்சல் வேண்டியிருப்பது, இத்தேர்வுகள் அரசு அலுவலர்களைத் தெரிவு செய்பவை என்பதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பயிற்சி மையங்கள் இவ்வச்சத்துக்கு மருந்தாகச் சூத்திரங்களை வழங்குகின்றன. ‘நோ சூனர் பார்த்தா தென் தேடு. ஹார்ட்லி பார்த்தா வென் தேடு. லெஸ்ட் வந்தா ஷுட் வரணும், நாட் வரக்கூடாது. சீனியர், ஜூனியர் வந்தா தென் கிடையாது, டு. பொருள் புரியலைன்னா விடு, பிழை புரிஞ்சா போதும்.’ இக்கடைசி அறிவுரை ஆய்வாளரை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. ஒரு வாக்கியத்தின் பொருளை அறியாமலே அதைத் திருத்தும் வல்லமை உலகில் வேறெந்தக் கல்விமுறைக்கும் கைகூடியதாகத் தெரியவில்லை. ‘லெஸ்ட்’ என்னும் சொல் தேர்வறைக்கு வெளியே உயிரோடு காணக்கிடைப்பது அரிது என்பதும் கண்டறியப்பட்டது. அழிந்துவரும் உயிரினங்களை அடைத்துவைத்துப் பேணும் பணியையும் தேர்வாணையங்கள் ஓசையின்றிச் செய்துவருகின்றன.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. லௌத் காட்டிய பிழைகளை யாரோ ஒருவர் உண்மையிலேயே எழுதியிருந்தார். வினாத்தாளின் பிழையோ யாரும் செய்யாத பிழை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்து, ‘ஹாஸ்’ இருந்த இடத்தில் ‘ஹேவ்’ வைத்து, எங்கே முறித்தேன் கண்டுபிடி என்பது அதன் முறை.

கருதுகோள்

வழுவின் இருப்பிடம் வாக்கியம் அன்று. அதைச் சொன்னவரின் முகவரி.

எழுவகை வழு

திணை வழு. ஆங்கிலத்தில் ஆளுக்கு ‘ஹூ’, மற்றதற்கு ‘விச்’. ‘தி மேன் விச் கேம்’ என்றால் வழு, மதிப்பெண் போயிற்று. ஆனால் உயிரே இல்லாத கப்பலை ஆங்கிலேயர் நூற்றாண்டுக்கணக்கில் ‘ஷி’ என்றே அழைத்து வந்தனர். நம் ஊரில் பசுவைப் பார்த்து ‘அம்மா வந்துட்டாளா’ என்று கேட்பதை உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று நம் இலக்கணம் பெருந்தன்மையோடு ஏற்கிறது. கப்பலும் அவ்வகையே. 1734-இல் தொடங்கிய கப்பல் துறை ஏடான ‘லாய்ட்ஸ் லிஸ்ட்’ 2002-இல் இந்தச் சலுகையை நீக்கி, இனிக் கப்பல் ‘இட்’ என்று அறிவித்தது. பசுவுக்கு அப்படி எந்த அறிவிப்பும் இதுவரை வரவில்லை.

பால் வழு. ஒருமை பன்மையை நம்மவர் பாலில் அடக்கிவிட்டதால் ஆங்கிலத்தின் ‘நம்பர்’ தகராறுகள் யாவும் இப்பெட்டிக்குள் வரும். இதன் அரசன் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. தமிழர்கள் தாய்மொழியின் தாக்கத்தால் பிழை செய்கிறார்கள் என்ற பொதுக் குற்றச்சாட்டு இங்கே தவிடுபொடியாகிறது. தமிழில் யாரும் ‘என் நண்பனில் ஒருவன்’ என்பதில்லை. ‘நண்பர்களில் ஒருவர்’ என்றே சொல்வோம். ஆக, இது தமிழ் கற்றுக்கொடுத்த பிழை அன்று. வாக்கியத்தின் வாசலிலேயே ‘ஒன்’ நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, உள்ளே போகும் ‘ஃப்ரெண்ட்’ தானும் தனியாகவே போய்விடுகிறது.

‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’ ஆகியவை எத்தனை சேர்ந்தாலும் பன்மை ஆகாதவை. அறிவுரை விஷயத்தில் இது நம் அனுபவத்துக்கு முரண். நமக்கு அறிவுரை எப்போதும் பன்மையில்தான் வரும். காலையில் தேர்வறையில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்பதைப் பிழையென்று குறித்துவிட்டு வரும் தேர்வர், மாலையில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று பலகை மாட்டிய கடையில் தவணை முறையில் கட்டில் வாங்குகிறார். கடைக்காரருக்கு நெகட்டிவ் மார்க் இல்லை.

இட வழு. தன்மை, முன்னிலை, படர்க்கை தடுமாறுவது இது. ‘ஹி டோண்ட் நோ’ என்பது எல்லோரும் அறிந்த வகை. ‘மைசெல்ஃப் குமார் ஃப்ரம் காஞ்சிபுரம்’ என்று நேர்காணலில் ஓர் இளைஞர் தொடங்கினால், எதிரே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ‘ப்ளீஸ் காண்டாக்ட் மை செகரட்டரி ஆர் மைசெல்ஃப்’ என்று ஒரு மேலாளர் கடிதம் எழுதினால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இரண்டு ‘மைசெல்ஃப்’களும் இலக்கணப்படி ஒரே குலம், ஒன்று மட்டும் கோட்டு போட்டிருக்கிறது. ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதுதான் முறை. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதிய ஆட்களில் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தின் அந்தோனியோவும் ஒருவர். உயிர் போகும் நிலையில் நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் அப்படி எழுதுகிறார். கடன் கொடுத்த ஷைலாக் அவருடைய ஒரு பவுண்டு தசையைக் கேட்டானே ஒழிய, இதற்காக எதையும் கூடுதலாகக் கேட்கவில்லை.

இவ்வழுவின் உச்சம் ‘ஆரண்ட் ஐ’. ‘ஐ ஆர்’ என்று ஒரு குழந்தை சொன்னால் மண்டையில் குட்டும் அதே மொழி, ‘ஐ ஆம் லேட், ஆரண்ட் ஐ?’ என்பதைச் சரியென்று தேர்விலேயே வைக்கிறது. ‘ஆம்’மோடு ‘நாட்’டைச் சேர்த்து நாக்குக்கு ஒத்துவரும்படி ஒரு சுருக்கம் பொதுவழக்கில் நிலைக்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு ‘ஆர்’ கடன் வாங்கப்பட்டது. வாங்கியவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள் என்பதால் அது வழுவமைதி.

கால வழு. ‘டிட் நாட் வென்ட்’ இதன் செல்லப்பிள்ளை. இதற்கும் தமிழைக் குறை சொல்ல வழியில்லை. ‘போகவில்லை’ என்னும் நம் வினையில் காலமே கிடையாது. நேற்றும் போகவில்லை, இப்போதும் போகவில்லை. எதிர்மறையில் காலம் காட்டாத மொழியிலிருந்து வந்தவர், காலம் காட்டும் மொழியில் ஏதும் விட்டுப்போய்விடக்கூடாதே என்று வாசல் கதவுக்கும் பூட்டு, பீரோவுக்கும் பூட்டு என்பதுபோல் இரண்டு இடத்திலும் இறந்த காலத்தைப் போட்டுவைக்கிறார். இது அறியாமை அன்று, அதீதப் பொறுப்புணர்ச்சி.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பது அடுத்தது. உடைமையையும் அறிவையும் விருப்பத்தையும் குறிக்கும் வினைகள் ‘இங்’ ஏற்கா என்பது தேர்வு விதி. நிஸ்ஸிம் எசெக்கியேல் இந்த ‘இங்’கை வைத்தே இந்திய ஆங்கிலக் கவிதைகள் சில எழுதிப் புகழ்பெற்றார். அண்ணன் தம்பி இருவர் இருப்பது நாளுக்கு நாள் தொடரும் அனுபவம்தானே, அதற்குத் தொடர்நிகழ்காலம் கூடாதா என்று கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர் கேட்டால், ரென் அண்ட் மார்ட்டினிடம் பதில் இல்லை.

‘சாப்பிட வா’ என்று அழைத்தால் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறான் பையன். இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்பட்டது. நம் இலக்கணம் இதற்கு விரைவு பற்றிய கால வழுவமைதி என்று பெயர் சூட்டி, பையனைக் காப்பாற்றிவிட்டது. இதையே ‘ஐ ஹேவ் கம்’ என்று அவன் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், கூப்பிட்டவரே ‘ஐ ஆம் கமிங்’ என்று திருத்தியிருப்பார். அப்போதும் அவன் எழுந்திருந்திருக்கமாட்டான்.

வினா வழு. ‘ஒய் யூ டிட் நாட் கம்?’ என்பதில் சொற்கள் இடம் மாறவில்லை என்பது குற்றம். தமிழில் கேள்வி கேட்க யாரையும் எழுப்பி இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டியதில்லை. கடைசியில் ஓர் ‘ஆ’ ஒட்டினால் முடிந்தது. ‘யூ ஆர் கமிங் டுமாரோ, இஸிண்ட் இட்?’ என்பதும் வழு. ‘யூ ஆர்’ என்று தொடங்கினால் ‘ஆரண்ட் யூ’ என்றே முடியவேண்டுமாம். எந்த வாக்கியமானாலும் ‘இல்லையா?’ என்ற ஒரே வாலை ஒட்டிப் பழகியவர்களுக்கு, வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு வால் தேடுவது வீண் செலவாகத் தோன்றுகிறது. லண்டன் தெருக்களில் இளைஞர்கள் ‘இன்னிட்’ என்ற ஒரே வாலை எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களை மொழியியலாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு பின்தொடர்கிறார்கள். சைதாப்பேட்டையில் அதே காரியத்தைச் செய்தவரைப் பின்தொடர்வது ஸ்போக்கன் இங்கிலீஷ் துண்டறிக்கை மட்டுமே.

விடை வழு. ‘சாப்பிடலையா?’ ‘ஆமா, சாப்பிடல.’ கேட்டவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ளும் நாகரிகமான விடை இது. ஆங்கிலத்திலோ சாப்பிடாதவர் ‘நோ’ என்றே தொடங்கவேண்டும். நாம் கேட்டவருக்கு விடை சொல்கிறோம். அவர்கள் சோற்றுக்கு விடை சொல்கிறார்கள். ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று ரயிலில் ஒருவர் கேட்க, ‘யெஸ், யெஸ், ப்ளீஸ் சிட்’ என்று நகர்ந்து இடம் கொடுக்கும் நம்மவரின் விடை, இலக்கணப்படி ‘ஆம், எனக்கு ஆட்சேபணை உண்டு, உட்காருங்கள்’ என்று பொருள்படும். ஆனால் உட்காராமல் நின்றுகொண்டே போனவர் எவரும் இல்லை. பொருள் போய்ச் சேர்ந்த பிறகும் பிழை அங்கேயே நிற்பது இவ்வகை வழுவின் தனிச்சிறப்பு.

மரபு வழு. காரணம் கேட்கக்கூடாதவை எல்லாம் இங்கே வரும். ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் ‘அபவுட்’ கூடாது. ‘டாக்’குக்குப் பின் வேண்டும். ‘மேரீட் வித்’ கூடாது, ‘டு’ வேண்டும். ‘ரிட்டர்ன் பேக்’ கூடாது. ஆனால் ‘கம் பேக்’ கூடும். ஏன் என்றால், முன்னோர் அப்படிச் சொன்னார்கள் என்பதே விடை. யானைக்குக் கன்று, நாய்க்குக் குட்டி என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல.

‘கசின் பிரதர்’ இப்பெட்டியில் அடைக்கப்பட்டிருக்கும் நிரபராதி. வெறும் ‘கசின்’ என்பது ஆணா பெண்ணா என்றே சொல்லாது. பெரியப்பா மகனுக்கும் அத்தை மகனுக்கும் இடையே ஒரு கல்யாணத் தூரம் இருக்கிற சமூகத்தில், இருவரையும் ஒரே சொல்லில் சுருட்டிவைப்பது ஆபத்து. பத்திரிகை அடித்த பிறகு விவரம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இதே தெருவில் வளர்ந்த ‘ப்ரீபோன்’, ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல் இல்லாத குறையை இந்தியர்கள் தாமே தீர்த்துக்கொண்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளில் இடம்பிடித்துவிட்டது. நேற்று வரை வழு, இன்று பதிவுபெற்ற சொல்.

வழுவமைதி

கருதுகோளை நிறுவும் இயல் இது. ஒரு வழு எப்போது அமைதி பெறுகிறது?

‘ஐ லவ் இட்’ என்பதுதான் முறை. ‘ஐ ஆம் லவிங் இட்’ தேர்வில் பிழை. 2003 முதல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அந்தப் பிழையை உலகெங்கும் பலகையில் எழுதி, அதன்கீழ் பர்கர் விற்றுவருகிறது. வினையை அட்வெர்ப்தான் தழுவவேண்டும், அட்ஜெக்டிவ் தழுவக்கூடாது என்பது இன்னொரு விதி. 1997-இல் ஆப்பிள் நிறுவனம் ‘திங்க் டிஃபரண்ட்’ என்று விளம்பரம் செய்தது. 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முகப்பு வாசகம், ‘டு’வையும் வினையையும் பிரித்து நடுவே ஓர் அட்வெர்பை உட்காரவைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விட்டது. இலக்கண ஆசிரியர்களின் கை அங்கே எட்டாது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர் ‘மோஸ்ட்’ போட்ட பிறகும் மனம் ஆறாமல் ‘எஸ்ட்’டும் ஒட்டினார். நம் தேர்வர் ‘மோஸ்ட் டாலஸ்ட்’ என்று எழுதினால் அது எருமைத்தனம். அவர் எழுதினால் உணர்ச்சி வேகம்.

இன்று யாரும் வழுவென்று நினைக்காத ‘யூ’வின் கதை இன்னும் சுவையானது. ஒருவனுக்கு ‘தௌ’, பலருக்கு ‘யூ’ என்று ஆங்கிலத்தில் தெளிவான பிரிவு இருந்தது. மரியாதைக்காகப் பெரியவர்களையும் பிறகு கண்டவர்களையும் ‘யூ’ என்றழைக்கத் தொடங்கினார்கள்; நம் ‘நீங்கள்’ போனதும் அந்த வழியே. குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660-இல் இரு தோழர்களுடன் சேர்ந்து பன்மொழிச் சான்றுகள் அடுக்கி ஒரு புத்தகமே வெளியிட்டார். ஒற்றை ஆளைப் பன்மையில் அழைப்பது இலக்கணப் பிழை என்பது அதன் வாதம். வாதம் சரி, வழக்கு தோற்றது. ஒரே ஆளைப் பார்த்து ‘யூ ஆர்’ என்று பன்மை வினையோடு பேசும் அந்தப் பிழைதான் இன்று முதல் பாடம்.

‘தே’யும் அதே பாதையில் வருகிறது. ஆணா பெண்ணா தெரியாத ஒருவரை ‘தே’ என்பது சாஸர் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். அப்படியிருக்க, ‘ஹி’ என்றாலே பெண்களும் அடக்கம் என்று 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டங்களுக்காக ஒரு சட்டம் போட்டது. இலக்கணத்தில் பால் வழு வராமல் காக்க நாடாளுமன்றம் கூடிய நிகழ்ச்சி என்று இதனைக் கொள்ளலாம். 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ‘அவர்’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆண், பெண், மரியாதை மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்ட தமிழர், இச்சண்டையை வேடிக்கை பார்க்கும் உரிமை பெற்றவர்கள்.

எண்ணக்கூடியதற்கு ‘ஃப்யூயர்’, எண்ணமுடியாததற்கு ‘லெஸ்’ என்பது இரும்பு விதியாக இன்று ஓதப்படுகிறது. அதை முதலில் எழுதிவைத்த ராபர்ட் பேக்கர், 1770-இல் தம் சொந்த விருப்பமாகத்தான் சொன்னார். ஒருவரின் விருப்பம் பேரங்காடிகள் வரை போய்ச் சேர்ந்தது. ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகைக்கு எதிராக முணுமுணுப்பு வலுக்கவே, 2008-இல் டெஸ்கோ நிறுவனம் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றி, லெஸ்ஸும் வேண்டாம் ஃப்யூயரும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. பிழை காண்போரிடமிருந்து தப்பிக்க வாக்கியத்தையே கைவிடுவது ஒரு வழி என்பது இதனால் பெறப்படும்.

பிழை காண்பதன் பொருளாதாரம்

இக்கலையால் காசு பெயராது என்பார் அறியவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். அழுகும் உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், சேமித்தல் முதலிய வேலைகளுக்கு அந்த ஊதியம் கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு நீண்ட பட்டியல் தந்திருந்தது. பட்டியலின் இறுதியில் அனுப்புவதற்காகப் பொதிதல், விநியோகம் என்ற இரண்டுக்கும் நடுவே ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ இருந்தது. ‘ஆர்’ முன்னே காற்புள்ளி இல்லை. ஆகவே அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ ‘பொதிதல்’ மட்டுமே விலக்கு, நாங்கள் விநியோகிக்கிறோம், பொதிவதில்லை என்றார்கள் ஓட்டுநர்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒரு காற்புள்ளிக்கு இவ்வளவு விலை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

தமிழில் அச்சட்டம் எழுதப்பட்டிருந்தால் ‘பொதிதலும் விநியோகித்தலும்’ என்று எண்ணும்மை ஒவ்வொன்றின் தலையிலும் உட்கார்ந்து நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்கும். ஓட்டுநர்களின் நல்வாய்ப்பு, மெய்னில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. இத்தேர்வுகளை எழுதும் நம் பிள்ளைகள் அந்தக் காற்புள்ளியைக் கண்டுபிடித்திருப்பார்களா என்றால், ஐயமே. அவர்கள் அந்தப் பட்டியலில் ‘லெஸ்ட்’டுக்குப் பின் ‘ஷுட்’ இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

தொகுப்புரையும் பரிந்துரைகளும்

ஏழு பெட்டிகளும் நிரம்பின. கருதுகோள் சற்றே அஞ்சத்தக்க அளவுக்கு மெய்ப்பட்டது. ஒரே வழு பிஷப்பின் இலக்கண நூலில் குறும்பு, நிறுவனத்தின் பலகையில் முழக்கம், நாடகத்தில் உணர்ச்சி, லண்டன் தெருவில் வட்டார வழக்கு. வங்கி எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தவரின் வாயில் மட்டும் அது பிழை. காலம் கடந்தால் பிழை அமைதி பெறும் என்பது உண்மையே. ஆனால் அதுவரை காத்திருக்க வயது வரம்பு இடங்கொடுப்பதில்லை.

இதனடிப்படையில் தேர்வாணையங்களுக்கு இரு பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, ஏ, பி, சி, டி என்னும் நான்கோடு ‘வழுவமைதி’ என்று ஐந்தாவதாக ஒரு விடையைச் சேர்க்கவேண்டும். பிழைதான், ஆனால் போகட்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் நாளை ஓர் அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால், மனுவில் ஓர் இனிஷியல் மாறியதற்காகத் திருப்பி அனுப்பப்படுபவர்களின் எண்ணிக்கை குறையக்கூடும். இதை ஆணையங்கள் ஏற்கா என்பதையும் ஆய்வாளர் அறிவார். லட்சக்கணக்கானோரைச் சில ஆயிரமாகக் குறைப்பதற்கு வைத்திருக்கும் சல்லடையில், போகட்டும் என்று ஓர் ஓட்டை போட்டால் எல்லோரும் அதன்வழியே இறங்கிவிடுவார்கள்.

ஆகவே இரண்டாவது பரிந்துரை. ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும், அதைச் சொன்னவர் நாடகாசிரியரா, பர்கர் நிறுவனமா, இலக்கணம் எழுதிய பிஷப்பா, காஞ்சிபுரம் குமாரா என்பதை அடைப்புக்குறிக்குள் தெரிவிக்கவேண்டும். சொன்னவர் யாரென்று சொல்லாமல் சொன்னது சரியா என்று மட்டும் கேட்பது, நன்னூலார் கணக்கில் ஐந்தாவதாக வரும் வினா வழு.